கோல்ஃபில் சமநிலை வந்தால் கடைசி ஹோல்களின் ஸ்கோரை ஒப்பிட்டு வெற்றியாளரைத் தேர்வது கவுன்ட்பேக். அதைக் கையால் போட்டால் ஒருவர் ஜெயிக்கிறார், சாஃப்ட்வேரில் இன்னொருவர். எது சரி?

ஸ்கோர்மேசை (பெங்களூரு):
மாதாந்திர மெடல் (மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே), 18 ஹோல், தனிநபர் நெட் (மொத்த அடியான கிராஸிலிருந்து சலுகை அடியான ஹேண்டிகேப்பைக் கழித்தது; குறைவாக எடுத்தவர் ஜெயிப்பார்). இரண்டு பேர் நெட் 70.
அ: கிராஸ் 82, பிளேயிங் ஹேண்டிகேப் 12, பேக் நைன் (10 முதல் 18ஆம் ஹோல் வரை) 41, கடைசி ஆறு 28.
ஆ: கிராஸ் 91, ஹேண்டிகேப் 21, பேக் நைன் 46, கடைசி ஆறு 31.
கையால் போட்டால் அ ஜெயிக்கிறார். சாஃப்ட்வேர் ஆ என்கிறது. கோப்பை இன்னும் கொடுக்கவில்லை.

பதினெட்டாம்குழி:
பேக் நைனில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (சலுகை அடி எந்த ஹோலுக்கு முதலில் என்று காட்டும் வரிசை எண்) ஒற்றை எண்களா, இரட்டை எண்களா? கடைசி ஆறு ஹோலின் இண்டெக்ஸையும் சொல்லுங்க.

ஸ்கோர்மேசை:
ஒற்றை எண்கள் சார். 13லிருந்து 18 வரை: 7, 1, 13, 3, 11, 15.

பதினெட்டாம்குழி:
அப்ப கோளாறு அங்கேதான். சாஃப்ட்வேர் ஹோல் வாரியாக ஸ்ட்ரோக் கொடுக்கிறது. 21 ஹேண்டிகேப்காரருக்கு எல்லா ஹோலிலும் ஒன்று, இண்டெக்ஸ் 1, 2, 3இல் இன்னொன்று. 1, 3 இரண்டும் பேக் நைனில் இருப்பதால் அவருக்கு அங்கே 11. 46 − 11 = 35. அ-வுக்கு 6, அவரும் 35. சமம் என்று கடைசி ஆறுக்குப் போகிறது. அங்கே அ 28 − 4 = 24, ஆ 31 − 8 = 23. ஆ ஜெயித்துவிட்டார்.

தனிநபர் நெட் ஸ்ட்ரோக் பிளேயில் ஹோல் வாரியாக ஸ்ட்ரோக் பார்ப்பதில்லை. கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் வழிகாட்டல்படி கடைசி ஒன்பதுக்கு ஹேண்டிகேப்பில் பாதி, ஆறுக்கு மூன்றில் ஒன்று, மூன்றுக்கு ஆறில் ஒன்று. 18ஆம் ஹோல் வரை போனால் பதினெட்டில் ஒன்று. பின்னத்தை வெட்டவும் கூடாது, முழு எண்ணாக்கவும் கூடாது. ஆ-வுக்கு 10.5, அதாவது 35.5. அ 35. அங்கேயே முடிந்தது, கடைசி ஆறைத் தொடவே வேண்டாம்.

10.5ஐ 11 ஆக்கினாலும் கடைசி ஒன்பதில் இதே மாதிரி சமம் என்ற தப்புதான் வரும். எக்செல்லில் போடுகிறவர்கள் கவனிக்கணும்: செல் முழு எண்ணைக் காட்டினாலும் உள்ளே 35.5 இருக்கும். காட்சியைப் பார்த்துச் சமம் என்று முடிவு பண்ணாதீங்க.

பங்கர்மணல்:
எங்களுக்கு இண்டெக்ஸ் முறைதானே வழக்கம்?

பதினெட்டாம்குழி:
ஸ்டேபிள்ஃபோர்டா (ஹோல் வாரியாகப் புள்ளி தரும் போட்டி)? அதற்கு அதுதான் சரி. பார்/போகி (ஹோல் வாரியாக வெற்றி, தோல்வி பார்ப்பது), ஃபோர்பால் ஸ்ட்ரோக் பிளே (ஜோடியில் ஒவ்வொரு ஹோலிலும் நல்ல ஸ்கோரை எடுப்பது) இவற்றுக்கும் அப்படியே. ஸ்டேபிள்ஃபோர்ட் புள்ளியில் ஹேண்டிகேப் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. பேக் நைன் புள்ளியைக் கூட்டி, அதிகம் யாருக்கோ அவருக்குக் கொடுங்க. அதிலிருந்து பாதி ஹேண்டிகேப்பை மறுபடி கழித்தால் இரட்டைக் கணக்கு.

ஸ்கோர்மேசை:
செட்டிங்கில் கவுன்ட்பேக் என்பதற்குக் கீழே மெடல், ஸ்டேபிள்ஃபோர்ட் இரண்டுக்கும் ஒரே தேர்வு போட்டிருந்தது. பிரித்துவிட்டேன், இப்ப அ வருகிறார். இன்னொன்று: அன்று ஷாட்கன் ஸ்டார்ட் (எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோலில் தொடங்குவது). அ 7ஆம் ஹோலில் தொடங்கினார். அவருடைய கடைசி ஒன்பது எது?

பங்கர்மணல்:
போட்டி விதியில் என்ன எழுதியிருக்கு? ‘கடைசி ஒன்பது என்றால் 10 முதல் 18, கடைசி ஆறு 13 முதல் 18’ என்று ஒரு வரி இருந்தால் எங்கே தொடங்கினாலும் கவலையில்லை. அந்த வரி இல்லாத ஷாட்கன் வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

ஸ்கோர்மேசை:
இருக்கு. 18ஆம் ஹோலும் சமமானால் என்ன என்றுதான் இல்லை.

பதினெட்டாம்குழி:
அடுத்த மாத அறிவிப்பிலேயே சேர்த்துடுங்க. நாணயம் சுண்டலாம். குறைந்த ஹேண்டிகேப்காரருக்கு என்று சில கிளப்பில் உண்டு, ஆனால் அதையும் முன்கூட்டி எழுதணும், கார்டு மேசைக்கு வந்தபிறகு இல்லை. ஒருவேளை கோப்பையை ஆ-விடம் கொடுத்திருந்தாலும் இது நிர்வாகப் பிழை, திருத்தக் காலக்கெடு கிடையாது. வாங்கி அ-விடம் கொடுத்தே ஆகணும்.