ராகிம் குரலை உயர்த்தவே இல்லை

ராப் பாட்டு முதன்முதலில் காதில் விழுந்த கதை ராப் ரசிகர் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். என் கதை 2009-ல் ஆரம்பிக்கிறது. வேலைக்காக நியூயார்க் வந்து ஜாக்சன் ஹைட்ஸில் அறை எடுத்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் பக்கத்து ஈஸ்ட் எல்ம்ஹர்ஸ்ட்டில் வளர்ந்தவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "கேளு, எங்க ஏரியா ஆள்" என்றார்.

எரிக் பி. அண்ட் ராகிம் என்ற ராப் ஜோடி. 1987-ல் வந்த 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பம். எரிக் பி. அந்தப் பகுதிக்காரர், டீஜே. பாடிய ராகிம் லாங் ஐலண்டின் வயண்டான்ச் ஊர்க்காரர், அப்போது அவருக்கு 19 வயது.

அதுவரை ராப் என்றால் உரக்கக் கத்துவது என்றே நினைத்திருந்தேன். இவரோ திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆனால் சொற்களைக் கவனித்தால் தலை சுற்றியது. வரி முடிவில்தான் இயைபு வரும் என்று காத்திருந்தால், வரிக்கு நடுவிலேயே இரண்டு மூன்று ஒலிகள் எதுகை போலக் கோத்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவின. சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் மேல் பைத்தியம் என்று பிறகு தெரிந்ததும், மூச்சை அவர் எங்கே விடுகிறார், எங்கே பிடித்து வைக்கிறார் என்பதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

1986-ல் மார்லி மார்ல் என்ற இசைத் தயாரிப்பாளரின் வீட்டு ஸ்டுடியோவில் முதல் பாட்டைப் பதிவு செய்தபோது, இன்னும் உற்சாகமாகப் பாடச் சொல்லி அங்கிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். ராகிம் தன் போக்கை மாற்றவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் பின்னால் வந்த பலர் வேறு மாதிரிப் பாடியிருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

1992-க்குள் நான்கு ஆல்பங்கள். அப்புறம் தனி ஆல்பம் தொடர்பான ஒப்பந்தப் பிரச்சினை வழக்குவரை போய், இருவரும் பிரிந்துவிட்டார்கள். அண்ணன் இதைச் சொல்லும்போது சொந்த வீட்டுப் பாகப்பிரிவினையைச் சொல்வது போலவே சொல்வார்.

2017 ஜூலை 7, ஆல்பத்தின் 30-வது ஆண்டு. ஹார்லெமின் அப்பல்லோ தியேட்டரில் இருவரும் மறுபடி ஒரே மேடையில். நாங்கள் மாடியில், கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். ராகிம் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. கூட்டம்தான் அவருக்காக அடங்கியது. 'ஐ நோ யூ காட் சோல்' நெடுநாள் பிரிந்திருந்ததற்கு வருந்தித் தொடங்கும் பாட்டு. 1987-ல் அவர்கள் அதைப் பதிவு செய்தபோது யாரையும் பிரிந்திருக்கவில்லை, அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். அந்த முதல் வரி வந்தபோது அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். உதடு மட்டும் ஒரு சொல் விடாமல் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை.