குவென்ச்சிங், டெம்பரிங்: இரண்டு வேலைகளுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

வீட்டில் இருக்கும் எளிய கருவிகளைக் கொண்டு முதன்முதலாக ஒரு வாள் செய்து பார்க்க விரும்புவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பாளரிடம் ஒப்படைத்தாக வேண்டும். சம்மட்டியும் அடைகல்லும் இல்லாதவர் 1084 வகைக் கரிம எஃகுப் பட்டையை ஹேக்சாவால் வடிவத்துக்கு அறுத்து, இரு பக்கச் சரிவுகளையும் அரத்தால் தேய்த்து இறக்கி, பிடிக்குள் செல்லும் காம்பில் துளையிட்டு, வெட்டுவாயை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் மொண்ணையாகவே விட்டுவைப்பது வரை எனக்குச் சொல் தட்டுப்பாடு ஏற்படவில்லை. அரம், சாணை, பூண், நுதி என வேண்டியவை எல்லாம் மொழியில் முன்பே இருக்கின்றன.

அடுத்த இரண்டு படிகளில்தான் நின்றுவிட்டேன். செஞ்சூட்டில் இருக்கும் வாளின் அலகை எண்ணெயில் அமிழ்த்திச் சட்டெனக் குளிரவைப்பது (ஆங்கிலத்தில் குவென்ச்சிங்) ஒன்று. அப்படிக் குளிர்ந்ததை மீண்டும் மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைப் போக்குவது (டெம்பரிங்) மற்றொன்று. நான் புரட்டிய சொற்பட்டியல்கள் இரண்டுக்கும் ‘பதப்படுத்தல்’ என்றே தருகின்றன. அவற்றை நம்பினால் என் வாக்கியம் ‘எண்ணெயில் பதப்படுத்திய பின் பதப்படுத்துக’ என்று அமையும். படிப்பவர் இரண்டாவது படியைப் பிழையாக அச்சேறியதென்று கருதித் தாண்டிவிட்டால் அவர் கையில் இருப்பது ஆபத்தான பொருள். ஒன்றோடொன்று மயங்காத இரண்டு சொற்களைத் தந்துதவ வேண்டுகிறேன்.

பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்:

மயக்கம் ஏன் கூடாதென்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். காந்தம் ஒட்டாமற்போகும் 770 பாகை செல்சியஸைக் கடந்து, 1084 எஃகானால் ஏறத்தாழ 815 பாகை வரை சூடேறிய அலகில், கரிம அணுக்கள் இரும்பின் படிக அமைப்புக்குள் கரைந்து விரவி நிற்கின்றன. திடீரெனக் குளிர்விக்கும்போது அவை வெளியேற நேரமின்றி உள்ளேயே சிறைப்பட்டு, செருமானிய அறிஞர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என வழங்கும் அமைப்பு உருவாகிறது. அந்நிலையில் அரம் பற்றாமல் வழுக்கும். ஆனால் அலகு தரையில் தவறி விழுந்தாலே இரண்டாகலாம். அதனால் தாமதிக்காமல் 200 பாகைக்கு மேல், வாளாக இருந்தால் நீலநிறம் படரும் 300 பாகையை ஒட்டி, மீண்டும் சூடாக்கிச் சிறிது கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுகிறோம். முதற்செயல் கடினத்தை ஏற்றுகிறது. இரண்டாவது அதைக் குறைக்கிறது. எதிர்த்திசையில் செல்லும் இவ்விரு செயல்களுக்கும் ஒரே பெயர் வைப்பது பெரும்பிழை.

முதலாவதைச் சிலர் ‘தணித்தல்’ என்று எழுதுகிறார்கள். தணிவது சூடுதான் என்றாலும், மாணவர் கடினம் தணிவதாகவே கொள்கிறார். அச்சொல்லை ஏற்காதீர்கள். ‘கடினமாக்கல்’, ‘பதப்படுத்தல்’ என்ற இணையைப் பரிந்துரைக்கிறேன்.

தமிழாசிரியர்:

கடினமாக்கல் என்பது பயனைச் சொல்கிறதேயன்றிச் செயலைச் சொல்லவில்லை. அதிலுள்ள ‘கடினம்’ வடசொல்லும் ஆகும். நமக்குச் செயலைச் சொல்லும் தூய சொல் வேண்டும். அது புறநானூற்றிலேயே இருக்கிறது. கானப்பேரெயிலை வென்ற உக்கிரப் பெருவழுதியை ஐயூர் மூலங்கிழார் பாடிய 21ஆம் பாடலில், பகைவன் இழந்த அரண் ‘கருங்கைக் கொல்லன் செந்தீ மாட்டிய இரும்புஉண் நீரினும்’ மீட்டற்கு அரிது என்கிறார். ‘உண் நீர்’ வினைத்தொகை. காய்ந்த இரும்பு உண்ட நீர், உண்கின்ற நீர், உண்ணும் நீர் என முக்காலத்துக்கும் விரியும். கொல்லன் உலைக்களத்தை நேரில் கண்டவர் மட்டுமே எழுதக்கூடிய தொடர் இது. ஆகவே முதற்செயலை ‘நீருண்ணல்’ என்றும், கொல்லன் செயலாகச் சொல்லும்போது ‘நீரூட்டல்’ என்றும் வழங்கலாம். வேர்ச்சொல் வழியே இன்னும் செல்லலாம்: உண், ஊண், ஊட்டு ஆகிய மூன்றும் ஒரு குடும்பம், சாயமூட்டல், வலுவூட்டல் போல நீரூட்டலும் கேட்ட அளவில் பொருள் தரும்.

கனடாவில் வாழும் கத்தி செய்வோர்:

ஐயா, பாடலின் அழகில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த எஃகை நீரில் அமிழ்த்தினால் பல நேரம் விரிசல் விடும்; அதனால்தான் கையேடுகள் ஏறத்தாழ 50 பாகைக்கு இளஞ்சூடாக்கிய சமையல் எண்ணெயைச் சொல்கின்றன. ‘எண்ணெயில் நீரூட்டுக’ என்று அச்சிட்டால், அவசரத்தில் படிக்கும் இளைஞர் வாளியில் தண்ணீரைத்தான் நிரப்புவார். அரத்தோடு பல நாள் உழைத்த அலகு ஒரு நொடியில் பிளந்துபோகும்.

உலகெங்கும் வழங்கும் சொல்லை அப்படியே ‘குவென்ச்சிங்’, ‘டெம்பரிங்’ என்று எழுதிவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. தமிழில் தேடுபவர்களும் அச்சொற்களைத்தான் இட்டுத் தேடுகிறார்கள்.

தமிழாசிரியர்:

எண்ணெய்தான் தடையென்றால் ‘நெய்யூட்டல்’ எனலாம். புறநானூறு 95இல் ஔவையார் அதியமானின் படைக்கலங்களை ‘நெய்யணிந்து’ என்று பாடுவது எஃகுக்கும் நெய்க்கும் இருந்த உறவைக் காட்டுகிறது.

பல்தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்:

அந்தப் பாட்டில் நெய் பூசப்படுவது தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் பீலியும் மாலையும் சூட்டி அழகாக வைக்கப்பட்ட வேல்களுக்கு. பகைவரைக் குத்திக் கோடும் நுதியும் சிதைந்து, கொல்லன் பட்டறையாகிய ‘கொல்துறை’யில் கிடப்பவையே அதியமானுடையவை. நெய்யணிதல் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு; செஞ்சூட்டில் அமிழ்த்துவதற்கு அது சான்றாகாது. தவிரவும், எண்ணெய்க்கு ஒரு சொல், நீருக்கு ஒரு சொல், உப்புக்கரைசலுக்கு ஒரு சொல் என்று பிரித்தால் பொதுச்சொல் இல்லாமலே போகும்.

கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினர்:

அனைவர்க்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் பட்டறையில் அரிவாளும் மண்வெட்டியும் செய்த பெரியவர்கள் இதற்குத் ‘தோய்ச்சல்’ என்றே சொன்னார்கள். ‘தோய்ச்சல் சரியில்லை, வாய் மடங்கிவிட்டது’ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. அதில் நீரும் இல்லை, நெய்யும் இல்லை; எதில் அமிழ்த்தினாலும் தோய்ச்சல்தான். பாய்ச்சல், காய்ச்சல், மேய்ச்சல் என யகர ஈற்று வினைகள் இயல்பாகக் கொள்ளும் தொழிற்பெயர் வடிவம் அது. புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

கனடா நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மூர் லேத் பட்டறைகளில் ‘டெம்பர் ஏற்றுவது’ என்றால் கடினமாக்குவது. சாணையில் சூடாகி முனை நீலமானால் ‘டெம்பர் போய்விட்டது’ என்பார்கள். ஆங்கில நூல்கள் டெம்பரிங் என்பது கடினத்தைக் குறைக்கும் செயலை. கடன்சொல்லே தலைகீழான பொருளில் வேரூன்றியிருக்கும்போது, அதை அப்படியே எழுதுவது எப்படிப் பாதுகாப்பாகும்?

இரண்டாவது செயலுக்கு ‘வாட்டல்’ என்பது என் முன்மொழிவு. பொதிசோறு கட்டுமுன் வாழையிலையை அனலில் காட்டி வாட்டுகிறோம்; வாட்டாத இலை மடித்தால் கிழியும், வாட்டியது வளைந்துகொடுக்கும். அலகுக்கும் நாம் செய்வது அதுவே: உருக்காமல், சிவக்கவிடாமல், மிதமான அனலில் முறியும் தன்மையை மட்டும் எடுத்துவிடுகிறோம்.

தனித்தமிழ் ஆர்வலர்:

தோய்ச்சலை முழுமனத்துடன் ஏற்கிறேன். வாட்டல் பொருத்தமாக இருப்பினும், ‘வாட்டிய வாள்’ என்னும்போது வாட்டம், வாடுதல் என்ற தளர்ச்சிப் பொருள் முன்னே வந்து நிற்கிறது. படைக்கலத்துக்கு அது இழுக்கு. ‘பதமாக்கல்’ போதும். பதம் வடமொழி என்று யாரேனும் எழுமுன் சொல்லிவிடுகிறேன்: சொல், அடி என்ற பொருளிலுள்ள பதம் வேறு, சோற்றுப் பதம், பாகுப் பதம் என்பதிலுள்ள பக்குவப் பொருள் வேறு. குறள் 548இல் ‘எண்பதத்தான்’ என்று வருவதில் உள்ளது எளிய செவ்வி. பதன், பதநீர், பதமை ஆகியவற்றையும் ஒருங்குவைத்துப் பார்த்தால்…

தமிழாசிரியர்:

பதநீர் இக்குடும்பத்தைச் சேர்ந்ததென்று எளிதில் முடிவுகட்ட இயலாது. அதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன். நீரூட்டலை நான் இன்னும் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கனடாவில் வாழும் கத்தி செய்வோர்:

பட்டறை வழக்கைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, அக்கா. டெம்பரிங் தமிழகத்தில் மாறிப் பொருள்படுமென்றால் அச்சொல்லை நான் வலியுறுத்தப் போவதில்லை. ஆனால் ‘பதமாக்கல்’ பழைய குழப்பத்தையே திரும்பக் கொண்டுவருகிறது. தோல் பதமாவதும், விதை பதமாவதும், இரும்பு பதமாவதும் ஒன்றாகத் தோன்றும். எந்தப் பதம், எவ்வளவு சூடு என்பதற்கு அதில் எந்தக் குறிப்பும் இல்லை. வாட்டல் என்றால் குறைந்த அனல் என்பது எவருக்கும் விளங்கும். முதல் வாள் செய்பவர் பெரும்பாலும் செய்யும் தவறு, இந்தப் படியில் அளவுக்கு மீறிச் சூடாக்குவதுதான்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவர்க்கும் நன்றி. முதற்செயலுக்குத் ‘தோய்ச்சல்’ என்றே எழுதிவிட்டேன். தமிழாசிரியர் ஐயாவைத் தவிர மற்றவர்கள் ஒப்பியிருக்கிறீர்கள். இரண்டாவதற்குப் ‘பதமாக்கல்’ பதிப்பாளரின் சொற்பட்டியலோடு பெரிதும் முரண்படாது என்பதால் அதையே கொள்கிறேன். முதலிடத்தில் மட்டும் ‘அலகை மிதமான அனலில் வாட்டிப் பதமாக்குதல்’ என்று விரித்து எழுதியுள்ளேன். வீட்டு மின்னடுப்பினுள் மூலைக்கு மூலை வைத்தால் அடங்கும் நீளமே முதல் வாளுக்குப் போதும் என்ற குறிப்பையும், ஊதுவிளக்கால் முதுகுப்புறத்திலிருந்து சூடேற்றி நிறம் பார்க்கும் முறையையும் அதன் கீழ் தந்திருக்கிறேன்.

கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த உறுப்பினர்:

விரித்து எழுதியதற்கு மகிழ்ச்சி. ஆயினும் அடுத்த பக்கத்திலேயே ‘மீண்டும் இரண்டு மணி நேரம் பதமாக்குக’ என்று வரும்போது படிப்பவர் எண்ணெய்க் கலத்தைத் தேட மாட்டார் என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அந்த ஓரிடத்திலாவது ‘வாட்டுக’ என்று மாற்ற இயலுமா என்று பாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.