கேப்ரியோல் பழகியவர்கள் வாருங்கள்: தரையில் படுத்துச் செய்த பயிற்சிதான் எனக்கு உதவியது

'ஜிசெல்' பாலேயின் இரண்டாம் அங்கத்தில் கதாநாயகன் ஆல்பிரெக்ட் தனியாக ஆடும் இடத்தில் கேப்ரியோல் என்னும் தாவலைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் தீராத ஆசை. ஒரு காலை வீசித் தாவ வேண்டும், அந்தரத்தில் கீழ்க்கால் எழும்பிப் போய் மேல்காலைத் தட்ட வேண்டும், தட்டிய வேகத்தில் மேல்கால் இன்னும் உயர வேண்டும், அப்புறம் கீழ்க்காலிலேயே இறங்க வேண்டும். எட்டு மாதம் முயன்றேன். கால்கள் தட்டிக்கொள்ளத்தான் செய்தன, ஆனால் வீடியோ எடுத்துப் பார்த்தால் மேல்கால்தான் கீழே இறங்கி வந்து தட்டுகிறது! தாவலின் உயிரே அதில் போய்விடுகிறது.

டீச்சர் தாவுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார். "ஒருக்களித்துப் படு" என்றார். கீழ்ப்பக்கக் கையைத் தலைக்கு மேல் நீட்டி, இன்னொரு கையை நெஞ்சுக்கு முன்னால் ஊன்றிக்கொண்டு, இரண்டு கால்களையும் இடுப்பிலிருந்தே வெளிப்பக்கம் திருப்பி, மேல்காலை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி அப்படியே நிறுத்த வேண்டும். கீழ்க்கால் எழும்பி அதைத் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். பக்கத்துக்கு எட்டு தடவை, அவ்வளவுதான். மூன்றாவதிலேயே உள்தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

அதோடு விடவில்லை. மேல்பாதத்துக்கு ஒரு சாண் மேலே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பாதம் கையைத் தொட வேண்டும் என்றார். முதல் வாரம் ஒரு தடவைகூடத் தொடவில்லை. கணுக்கால் எலும்புகள் மோதி உள்பக்கம் கன்றிப்போனது. முட்டியை நன்றாக நீட்டிக் கெண்டைக்கால்கள் மோதும்படி செய்த பிறகுதான் வலி போய், பாதமும் தானாக மேலே எகிறியது. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: மேல்கால் காத்திருக்க வேண்டும், கீழ்க்கால்தான் துரத்திப் போக வேண்டும். பிறகு பாரை (பயிற்சிக்கான கைப்பிடிக் கம்பியை) இரு கைகளாலும் பிடித்து, காலைப் பின்னால் வீசும் பின்பக்கக் கேப்ரியோல், அதற்கும் பிறகுதான் பிடிமானம் இல்லாமல் நடுத்தளத்தில்.

உங்களுக்கு எந்த இடத்தில் சிக்கியது?

இன்னொருவரின் பதில்: எனக்குத் தட்டுவதில் பிரச்சினை இல்லை, தட்ட நேரம்தான் போதவில்லை. கால் எழும்புவதற்குள் உடம்பு தரைக்கு வந்துவிடும். காரணம் பிளியேயில், அதாவது தாவுவதற்கு முன் முட்டியை மடக்குவதில், இருந்தது. அவசரத்தில் குதிகால் பதியாமலே தாவிக்கொண்டிருந்தேன். அதனால் இரண்டு வாரம் தட்டே கிடையாது. கிளிசாட் (தரையை ஒட்டிச் சறுக்கிப் போகும் அடி), ஆழமான பிளியே, காலை வீசி ஒரு தாவல், வீசிய கால் அதே உயரத்தில் நிற்க மெதுவாக இறங்குவது, இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தேன். சலிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். பதினைந்தாம் நாள் தட்டைச் சேர்த்தபோது, தட்டி முடித்த பிறகும் நான் காற்றிலேயே இருந்தேன்.