லேப்டாப் ஃபேனில் பனியன் பஞ்சு, எப்படி எடுப்பது?

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். தையல் மெஷின்களுக்குப் பக்கத்திலேயே என் மேஜை, அதனால் லேப்டாப்புக்குள் பஞ்சு போய்க்கொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் எக்செல் திறந்தாலே ஃபேன் இரைகிறது, பிராசசர் சூடு 95 டிகிரியைத் தொடுகிறது. சூடு ஏறியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால், சம்பளப் பட்டியல் போட்டு முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுத்தான் பின்மூடிக்குள் பார்த்தேன். ஃபேன் இறக்கைகளில் தூசு அதிகமில்லை. காற்று வெளியேறும் பக்கம், ஹீட்சிங்கின் (பிராசசர் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) மெல்லிய தகடுகளுக்கு முன்னால்தான் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் ஒட்டிக் கிடக்கிறது. வெளியிலிருந்து ஊதினால் அது ஃபேனுக்குள்தான் திரும்பப் போகும்.

ஹீட்சிங்கைத் தூக்கினால் பிராசசருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட வேண்டுமே! அதைத் தொடாமல் ஃபேனை மட்டும் தனியாகக் கழற்றி, பஞ்சைப் பிரஷ்ஷால் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மெஷின் துடைக்கும் கம்ப்ரசர் இங்கேயே இருக்கிறது. ஆனால் அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வருமே என்று பயம். சின்ன ப்ளோயர் போதுமா? ஃபேன் சுழலாமல் எதை வைத்துப் பிடிப்பீர்கள்?

அப்புறம், பஞ்சு திரும்ப அடையாமலிருக்க வலை ஒட்டலாமா, காற்றோட்டம் அடைபடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், படம் வேண்டுமானால் எடுத்துப் போடுகிறேன்.