கார்த்திகை மழையும் கழன்ற கோடுகளும்

புதுச்சேரி உறுப்பினர்:
எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்த காலத்துக் கதை. ஐடிஓ பூசிய கண்ணாடியில் 50 மைக்ரான் அகலத்துக்குக் கோடுகள் எடுக்க வேண்டும். ஐடிஓ என்றால் இண்டியம் ஆக்சைடில் கொஞ்சம் வெள்ளீய ஆக்சைடு கலந்தது; மின்சாரம் கடத்தும், ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். போன் தொடுதிரையில் இருப்பதும் இதுதான். எந்தப் பக்கம் பூச்சு என்று கண்ணுக்குத் தெரியாது, மல்டிமீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

ஆடி, ஆவணியில் ஒழுங்காக வந்த வேலை, கார்த்திகை மழையில் படுத்துவிட்டது. ரெசிஸ்ட் (ஒளி பட்டால் கரையும் தன்மை மாறுகிற பிசின்) ஊற்றிச் சுழற்றி, மாஸ்க் (கோட்டு வடிவம் உள்ள மறைப்பு) வைத்துப் புற ஊதா ஒளி காட்டி, ஒளி பட்ட ரெசிஸ்டைக் கரைக்கும் டெவலப்பரில் போட்டால் கோடெல்லாம் கழன்று தட்டில் மிதக்கும், பாயசத்துச் சேமியா மாதிரி. ஆசிட்டில் போட்டு ஐடிஓவை அரிக்கிற கட்டத்துக்கே போக முடியவில்லை. ரெசிஸ்ட் கெட்டுவிட்டது என்று புது பாட்டில் வாங்கினோம். அதிலும் சேமியாதான்.

லேப் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "தம்பி, மழைக்காலத்துல வீட்டு உப்பு ஜாடி எப்படி இருக்கும்?" அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் படிந்த ஈரத்தின் மேல் ரெசிஸ்ட் பிடிக்காது, டெவலப்பர் அடியில் புகுந்து தூக்கிவிடும். ஹாட் பிளேட்டில் 150 டிகிரியில் வைத்து எடுத்து, ஆறிய கையோடு ரெசிஸ்ட் ஊற்றினோம். கோடு நின்றது.

அத்தோடு விட்டேனா? ஆர்வக்கோளாறில் அறையையே வறட்டினேன். அதுவும் தப்பு. ஒளி பட்ட இடத்தில் வேதிவினை முடிய இந்த ரெசிஸ்டுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டுமாம்!

கடலூர் உறுப்பினர்:
நான் எடுத்தது தங்கக் கோடு. மாஸ்க் செய்யக் காசில்லை, கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஆப்செட் பிரஸ்ஸில் ஃபிலிம் எடுத்தேன். ஃபிலிமில் கறுப்பு படிந்த பக்கம் ரெசிஸ்டைத் தொட வேண்டும். நான் குப்புறப் போடுவதற்குப் பதில் மல்லாக்கப் போட்டுவிட்டேன். ஃபிலிமின் தடிமன் இடைவெளியாகி, ஒளி ஓரத்தில் கசிந்து, ரெசிஸ்டில் கோட்டுக்கான வழிகள் அகன்றுவிட்டன. தெரியாமலே மேலே குரோமியமும் தங்கமும் பூசி, அசிட்டோனில் ஊறவைத்து ரெசிஸ்டையும் அதன் மேல் படிந்த தங்கத்தையும் கழற்றினேன்; வழிகளில் படிந்தது மட்டும் கோடாக நிற்கும். பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு, மீட்டரை எங்கே வைத்தாலும் பீப்.

புதுச்சேரி உறுப்பினர்:
அசிட்டோனில் கழன்ற தங்கத்தை என்ன செய்தீர்கள்?

கடலூர் உறுப்பினர்:
சின்ன புட்டியில் வைத்திருக்கிறேன். அம்மா கம்மலுக்கு ஆகுமா என்றார். தடிமன் 50 நானோமீட்டர்தானே, ஓர் அங்குலச் சதுரக் கண்ணாடிக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.