அங்கன்வாடியில் சேர்க்க மறுக்கிறார்கள்: மனம் இல்லையா, ஆள் இல்லையா?

குடமுருட்டிக்கரை:
என் அக்கா மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். ஊர் அங்கன்வாடிக்கு அழைத்துச் சென்றால், "பேச ஆரம்பித்ததும் கொண்டு வாருங்கள்" என்கிறார் டீச்சர். நாலு பிள்ளைகளோடு பழகாமல் பேச்சு எங்கிருந்து வரும்? காலில் குறையுள்ள ஒரு பெண் குழந்தை அதே மையத்துக்கு வருகிறாள். அவளைத் தூக்கி உட்கார வைக்க மனம் இருக்கிறது, இவனைப் பார்த்தால் மட்டும் கதவு சாத்துகிறார்கள். நடவுக்குப் போகும் அக்கா அவனை வரப்பில் உட்கார வைத்துவிட்டு, நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி நாற்று நடுகிறாள்.

வெண்ணாறு (அங்கன்வாடிப் பணியாளர், திருவாரூர் மாவட்டம்):
தம்பி, மனம் இல்லை என்று எழுதிவிடுவது எளிது. என் மையத்தில் உதவியாளர் பணியிடம் காலி. சமைப்பது, எடை பார்ப்பது, மத்திய அரசின் 'போஷன் ட்ராக்கர்' செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் நான் ஒருத்திதான். வாசலைத் தாண்டினால் வாய்க்கால். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் இடுப்பளவுக்கு ஓடும். நான் உலையில் அரிசி போடும் நேரத்தில் அந்தப் பிள்ளை ஓடினால் யார் பிடிப்பது? கால் நடக்காத குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். எனக்குப் பயம் ஓடுகிற பிள்ளையிடம்தான்.

குடமுருட்டிக்கரை:
அக்கா, காலிப் பணியிடத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் தண்டனை எங்கள் பிள்ளைக்கா? வாய்க்கால் பக்கம் வேலி வேண்டும் என்று ஊராட்சியில் கேளுங்கள். வாய்க்காலில் எந்தப் பிள்ளையும் விழலாம்.

சம்பா:
நான் வேறு பக்கம் நிற்கிறேன். என் மகள் படிக்கும் நர்சரியில் ஒரு பையன் அவளைக் கடித்துவிட்டான். டீச்சர் நாள் முழுக்க அவன் பின்னாலேயே ஓடினால் மற்ற பிள்ளைகளின் கதி? இவர்களுக்கென்று சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றனவே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இலவசக் கல்வி உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது.

மன்னார்குடி சிறப்பாசிரியர்:
சம்பா, சட்டத்தைப் பாதி படித்திருக்கிறீர்கள். 31ஆவது பிரிவு 6 முதல் 18 வயது வரை என்பது உண்மை. அது ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை விலக்கச் சொல்லவில்லை. 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு அங்கன்வாடிகளுக்கென்றே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வழிமுறை வெளியிட்டது. குறையைச் சீக்கிரம் கண்டறிவது, பரிந்துரைப்பது, மற்றவர்களோடு சேர்ப்பது எல்லாம் அதில் உண்டு.

கடிக்கும் பிள்ளை பெரும்பாலும் சொல்லத் தெரியாததைப் பல்லால் சொல்கிறான். 'தண்ணீர்', 'போதும்', 'வெளியே' என்று மூன்று படங்களைச் சுவரில் ஒட்டி, வேண்டியதைத் தொட்டுக் காட்டப் பழக்கினால் கடி குறைவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு அட்டையும் பசையும் போதும். வெண்ணாறு அக்கா சொல்லும் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளையிடம்தான் ஆசிரியர்கள் அதிகம் தயங்குகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் வருகிறது. எப்படிக் கையாள்வது என்று யாரும் பக்கத்தில் நின்று காட்டாததுதான் தயக்கத்தின் வேர். பயிற்சி என்ற பெயரில் ஒரு நாள் மண்டபத்தில் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் ஆத்திரம்.

சம்பா:
படம் ஒட்டுவது சரி. அன்றைக்குக் கடிபட்டவள் என் மகள். அதற்கு யார் பதில் சொல்வார்கள்?

மன்னார்குடி சிறப்பாசிரியர்:
டீச்சரும் நிர்வாகமும். அந்தப் பையனை வெளியே அனுப்புவது பதில் ஆகாது.

வெண்ணாறு:
சார், படத்தை நாளைக்கே ஒட்டுகிறேன். முதல் வாரம் நீங்களோ வட்டார வள மையத்திலிருந்து ஒருவரோ வந்து என்னோடு நிற்க வேண்டும், அல்லது அம்மா கூட இருக்க வேண்டும்.

குடமுருட்டிக்கரை:
அம்மா கூட இருந்தால் அன்றைய கூலி போகும் அக்கா. நடவு முடிகிற வரை அவளால் முடியாது. பாட்டி வந்தால் ஏற்றுக்கொள்வார்களா?

வெண்ணாறு:
என் மையமாக இருந்தால் பாட்டியும் போதும். உங்கள் ஊர் டீச்சரிடம் இதையே கேளுங்கள். மறுத்தால் அங்கன்வாடி மேற்பார்வையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கும் பணியிடம் காலி என்றால் அதையும் அதே மனுவில் சேர்த்து எழுதுங்கள்.