92 சதுர மீட்டர் என்கிறார்கள், மாடியில் தலை இடிக்கிறது. புதன்கிழமை கையெழுத்து!

மன்னை மைந்தன்:
எல்லோருக்கும் வணக்கம். வந்து ஐந்து வாரம் ஆகிறது. கம்பெனி தந்த அறையை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஒரு ஃபிளாட் அமைந்திருக்கிறது, இரண்டு தளம். உள்ளேயே மாடிப்படி, மேல்தளம் சரிவுக் கூரைக்கு அடியில். ஒப்பந்தத்தில் 92 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், வாடகையும் அந்தக் கணக்கில்தான். மனைவி, குழந்தை விசாவுக்கும் வீட்டு அளவு கேட்பார்களாம். எதை எல்லாம் சேர்த்து அளப்பது? தூக்கமே இல்லை.

ராஜகிரி சபுராளி:
தம்பி, கம்பெனி அறை கிடைத்ததே பெரிது. நான் 2006-இல் துபாய் தேராவில் இறங்கியபோது ஓர் அறைக்கு எட்டுப் பேர், எல்லாம் அடுக்குக் கட்டில். கீழ்க்கட்டிலுக்கு இறங்கவே நாலு மாதம் ஆனது. நான் பார்த்த இரண்டு தள வீடு அதுதான். தலை இடித்தால் குனிந்துகொள், வீட்டை விட்டுவிடாதே.

காரைக்கால் பாரி:
குனிய எல்லாம் வேண்டாம். கூரை உயரம் 1.80 மீட்டருக்குக் குறைந்தால் அந்த இடத்தை அடியோடு கழித்துவிட வேண்டும். சுவர், மாடிப்படி, பால்கனியும் சேராது. பாரிஸில் ஆறாவது மாடியில் லிஃப்ட் இல்லாமல் 9 சதுர மீட்டர் அறையில் இரண்டு வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

திருவையாறு அக்கா:
பாரி சொல்வது பிரான்ஸ் கணக்கு. மன்னை, எந்த நாடு என்றே நீ சொல்லவில்லையே! ஜெர்மனி என்றால் 1.80 பேச்சே கிடையாது, அங்கே வேறு முறை. என்ன விசா, குழந்தைக்கு என்ன வயது, அதையும் சொல்.

குடந்தை கும்பி:
எந்த நாடானாலும் அளவில் ஏமாற்றுதான். தஞ்சாவூரில் 1,150 சதுர அடி என்று ஒரு ஃபிளாட் வாங்கினேன். உள்ளே டேப் பிடித்தால் 840. மீதி எல்லாம் லிஃப்டிலும் நடைபாதையிலும் இருக்கிறதாம், சூப்பர் பில்டப். 2016-இல் ரெரா என்ற வீடு விற்பனைச் சட்டம் வந்துதான் கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரை அளவை, சொல்லி விற்க வேண்டும் என்று ஆனது. அதற்கு முன்பே வாங்கித் தொலைத்தேன்.

ராஜகிரி சபுராளி:
எங்கள் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா. அதிலேயே வரப்பு யார் கணக்கில் என்று அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்கள். இதில் மேட்டூர் வேறு ஜூன் 12-இல் திறப்பார்களோ இல்லையோ...

மன்னை மைந்தன்:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஸ்டுட்கார்ட். குழந்தைக்கு நாலு வயது. என்னுடையது ப்ளூ கார்டு, படித்த வேலைக்காரர்களுக்குத் தரும் விசா.

திருவையாறு அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஜெர்மனியில் 2004-இல் இருந்து இதற்கு ஒரு விதி இருக்கிறது. உயரம் 2 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் தரை முழுசாகச் சேரும். 1 முதல் 2 மீட்டர் வரை பாதி. 1 மீட்டருக்குக் கீழே ஒன்றும் இல்லை. நம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தை நினைத்துக்கொள், ஓரத்துக்குப் போகப் போக மதிப்புக் குறையும். மூன்று படிக்கு மேல் உள்ள மாடிப்படியும் அதன் திருப்பமும் சேராது. பால்கனி பொதுவாகக் கால் பங்கு. நிலவறை சேராது.

ஒரு துடைப்பக் கழியைச் சரியாக 1 மீட்டருக்கு வெட்டிக்கொள். நிமிர்த்திப் பிடித்தபடி சரிவை நோக்கி நகர்த்து. கழியின் நுனி கூரையைத் தொடும் இடத்தில் தரையில் டேப் ஒட்டு. 2 மீட்டருக்கு இரண்டு கழியைச் சேர்த்து அந்த நீளம் வரும்படி கட்டிக்கொள்.

மன்னை மைந்தன்:
இன்று சாவி வாங்கி அளந்தேன் அக்கா. கீழே 44, அதில் மாடிப்படி 3. மேலே படிக்கான திறப்பு போக 48: நிமிர்ந்து நிற்கும் இடம் 24, பாதி உயரம் 16, தவழும் இடம் 8. பால்கனி 8.

திருவையாறு அக்கா:
கீழே 41. மேலே 24-உம் 16-இல் பாதி 8-உம். பால்கனி 2. மொத்தம் 75. அவர்கள் 44-ஐயும் 48-ஐயும் அப்படியே கூட்டி 92 என்று போட்டிருக்கிறார்கள். 18 சதவீதம் குறைவு.

விசாவை நினைத்துக் கலங்காதே. வழக்கமான அளவுகோல் ஆறு வயதுக்கு மேற்பட்டவருக்கு 12, சின்னக் குழந்தைக்கு 10. உங்கள் மூவருக்கும் 34 போதும், அதையும் ப்ளூ கார்டுக்காரர்களிடம் இப்போது கேட்பதில்லை.

வாடகைதான் விஷயம். ஒப்பந்த அளவை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வாடகையைக் குறைக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் குறை தெரிந்தே பேசாமல் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமை போய்விடும். நீ இப்போது அளந்துவிட்டாய், ஆகவே புதன்கிழமைக்கு முன்பே எழுத்தில் கேள். அளவு வீட்டை வர்ணிக்க மட்டுமே, கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பார். அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு (தண்ணீர், வெப்பச் செலவு சேராதது) மேல் கேட்கக் கூடாது, மூன்று தவணையாகக் கட்டலாம்.

காரைக்கால் பாரி:
பால்கனிக்குக் கால் பங்கா? அநியாயம்.

மன்னை மைந்தன்:
மின்னஞ்சல் போட்டுவிட்டேன். 80 என்று திருத்துகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். 75-இலேயே நிற்கிறேன்.

ராஜகிரி சபுராளி:
நில்லு. அந்தத் தவழும் எட்டு மீட்டரில் அரிசி மூட்டை நிறைய அடங்கும், வாடகையும் இல்லை.